பதினேழாம் எண் பொத்தல்

என் வீட்டுக்குக் கதவு எண் வாங்க இருபத்திரண்டு வருடம் பிடித்தது. கூரையில் இருக்கும் பொத்தலுக்கு ஒரே நாளில் எண் கிடைத்துவிட்டது. பதினேழு.

சும்மா எண் இல்லை, அரசிதழில் ஏறிய எண். நீளம் ஆறடி, அகலம் ஐந்தடி, உள்ளே தெரிவது ஐந்து ரீப்பர் கட்டை, அதில் மூன்றாவது உளுத்தது என்று அளவெடுத்துப் போட்டிருக்கிறார்கள். உளுத்த கட்டை உளுத்தபடியே இருக்க வேண்டும். அதை மாற்றினாலும் குற்றம், அது மேற்கொண்டு உளுத்தாலும் குற்றம்.

அந்த ஆவணியில் சம்பந்தியம்மா ரங்காத்தா வெள்ளகோயிலிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தாள். என் மகள் ஜெயரதிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவள். பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங் சம்பந்தி, நாப்பது ஓடு வாங்க வக்கில்லீங்களா உங்களுக்கு?"

"ஓடு இருக்குதுங்க. அதா, செவுத்தோரமா அடுக்கி வெச்சிருக்கறேன் பாருங்க."

"அப்பறம் எடுத்துப் போடறதுக்கென்ன, கை வலிக்குதுங்களா?"

"போட்டா எடுத்துருமுங்க."

"எது?"

வாசலுக்குக் கூட்டிப்போய், ஊரையொட்டிய பாறைக்குன்றான கரட்டின் உச்சியைக் காட்டினேன். அங்கே பனை உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் தலையில் பானை அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை, நின்ற இடத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"காவல்கண்ணுங்க. ஊரோட மொகத்தக் காவல் காக்குது."

"ஊருக்கு மொகமா?"

"எல்லா ஊரும் ஒண்ணாட்டமே ஆயிப்போச்சுங்களாம். அதே தகரக் கொட்டாய், அதே பிளாட்டுக் கல்லு, அதே ஆர்ச்சு. பஸ்ல தூங்கி முழிச்சா எந்த ஊருன்னு தெரியறதில்லையாம். அதுக்குத்தான் சட்டம் போட்டாங்க. ஒம்பது வருசத்துக்கு முன்னால, பங்குனி இருவத்தொண்ணாந் தேதி, மேலிருந்து வெரக்கடை வெரக்கடையா ஊரப் படம் புடிச்சாங்க. வேற எந்த ஊர்லயும் இல்லாத அடையாளம் எதெதுன்னு அந்த மிசினே கண்டுபுடிச்சு நம்பர் போட்டுருச்சு. அதுக்கப்பறம் ஒண்ணும் மாறக் கூடாது."

"பொத்தல் கூடவா அடையாளம்?"

"இந்த மாதிரிப் பொத்தல் வேற ஊர்ல கெடையாதாமுங்க."

"ஒரு தார்ப்பாயாச்சும் கட்டலாமல்ல?"

"நீலக் கலரே இந்த ஊர் மொகத்துல இல்லீங்க. உள்ளாற கட்டுனாலும் பொத்தல் வழியாத் தெரியுதாம்."

ரங்காத்தா மூக்கின் மேல் விரலை வைத்தாள். "அய்ப்பசி மழைல பச்ச மண்ண ஒழுகற தண்ணி புடிக்கற சட்டிக்கு நடுவுலயா படுக்க வெப்பீங்க? அடைக்கோணும். இல்லையின்னா எம்மருமவ எங்கூட்டுலயே பெத்துக்கட்டும். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவள் சொன்னது நியாயம். ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வர முடியாத வீடு என்று பேராகிவிட்டால் என் மனைவி பழனாத்தா அதற்கப்புறம் சந்தைக்குத் தலை நிமிர்ந்து போகமாட்டாள். பஸ் போன புழுதி அடங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங், அந்த ஓட்டக் கழட்டுன கை எதுங்க? சம்பந்திகிட்ட அதையும் சொல்லியிருக்கலாமல்ல?"

கழற்றியது என் கைதான்.

அந்தச் சட்டத்தின் மேல் பழி முழுவதையும் போடமாட்டேன். எங்கள் பக்கத்துக் கொறங்காடு, அதாவது மழையை நம்பி மாடு மேய்க்கும் மேய்ச்சல் காடு, வேறு எங்கும் இல்லாத அழகு. சுற்றிலும் கிளுவை முள் வேலி, நடுவே குடை பிடித்தாற்போல வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். காவல்கண் மட்டும் வராமல் இருந்தால் இந்நேரம் அவ்வளவும் பிளாட்டாகிப் பூங்கா நகர் என்று பெயர் வைத்திருப்பார்கள். சட்டத்தில் குறை இல்லை. படம் பிடித்த நாள்தான் கோளாறு.

'மேலிருந்து படம் புடிக்கறாங்க' என்ற சேதி மட்டும்தான் அன்றைக்கு முந்தின நாள் ஊருக்கு வந்தது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு அரசாங்கம் வந்து பார்க்கிறது என்றால் இரண்டே காரணம்தான் தெரியும். வரி போடுவதற்கு, இல்லையென்றால் வறட்சி நிவாரணம் கொடுப்பதற்கு. எதுவானாலும் இல்லாதவனைப் போல நிற்பது உத்தமம். பண்ணாடி சென்னியப்பன் ஊரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்தார். நாங்கள் வேலை செய்யும் தோட்டத்துக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். பால் மாடெல்லாம் மச்சினன் ஊருக்கு நடந்தது. எலும்பு துருத்திய கிழட்டு மாடு ஒன்றை வாசலில் கட்டினோம். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிப் புதைத்தோம். புது டிராக்டரை நிறுத்தி அதைச் சுற்றிச் சோளத்தட்டை அடுக்கிப் போர் ஆக்கினோம். கடைசியில் பண்ணாடி எங்கள் சனம் குடியிருக்கும் வளவுக்கு வந்தார். வந்தார் என்றால் ரோட்டோரம் நின்றார். வளவுக்குள் அவர் கால் வைத்ததில்லை.

"நஞ்சா, உன்ற வூடுதாண்டா ரோட்டப் பாத்தாப்ல இருக்குது. ஒரு நாப்பது ஓட்டக் கழட்டு. நாளைக்கு மாட்டிக்கலாம்."

அந்த நாளை இன்னும் வரவில்லை.

கிழட்டு மாடு நான்காம் எண். அது செத்து, அதற்குப் பதில் வந்ததும் செத்து, இப்போது நிற்பது மூன்றாவது. சதை பிடித்துவிடக் கூடாதென்று மாதம் ஒரு கால்நடை வைத்தியர் வந்து விலா எலும்பை எண்ணிவிட்டுப் போகிறார். தட்டுப்போர் ஒன்பதாம் எண். அதற்குள் டிராக்டர் இருப்பது பண்ணாடிக்கும் எனக்கும் இன்னும் நாலு பேருக்கும் மட்டும் தெரியும். முகம் மாறாத ஊருக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம் தோட்டக்காரர்களுக்கு வந்துகொண்டிருந்ததால் டிராக்டர் போனால் போகிறதென்று அவர் இருந்துவிட்டார். எனக்கு வந்தது நோட்டீசு. பொத்தலின் ஓரத்தில் பல்லி எச்சம் அதிகமாகிவிட்டது என்றுகூட வரும்.

முதலில் அதைப் பண்ணாடியிடம்தான் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வேன். இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் படித்துவிடுவார். "ஒண்ணுமில்லடா, போ." அதனால்தான் ஐம்பத்தெட்டாம் வயதில் எழுத்துப் படித்தேன். இப்போதும் விரல் வைத்துத்தான் படிப்பேன். மெதுவாகப் போகிறவனுக்கு எதுவும் தப்பாது. நோட்டீசின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரே கூறு மும்முறை மாற்றப்படுமாயின் பாதுகாப்பு அலுவலர் நேரில் விசாரிப்பார்.

ஆகவே மும்முறை மாற்றினேன்.

முதல் நாள் காலையில் ஏறி நாற்பது ஓட்டையும் போட்டேன். அரை மணியில் காவல்கண்ணின் ஏவல் மிசின் சீராக்கி வந்தது. கன்றுக்குட்டி உயரம், எட்டுக் கால், வயிற்றுக்கடியில் பட்டு விரல்கள். ஒரு ஓடுகூட உடையாமல் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, பெண் குரலில், "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது. என் ஆயுளில் என்னைத் 'தங்கள்' என்று சொன்னது அது ஒன்றுதான். மறுநாளும் போட்டேன். அதற்கும் மறுநாள் போடும்போது பழனாத்தா கீழே நின்று, "மிசினுக்கும் உங்களுக்கும் வேற சோலி இல்ல, ஊரு சிரிக்குது" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். ஷெர்லின் என்று பெயர், மார்த்தாண்டத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பலகை. அது காவல்கண்ணோடு பேசும். பண்ணாடியும் சேதி கேட்டு வந்து ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். வளவுக்குள் வரவில்லை. அதனால் விசாரணையே ரோட்டில் நடந்தது.

"மூணு தடவை ஓடு போட்டிருக்கீங்க. எதுக்கு?"

"மழை பேயுமுங்க மேடம்."

"மழை இந்த நிலத்தோட இயல்புதானே?"

"மழை இயல்புதானுங்க. பொத்தல் இயல்பில்லீங்க." எல்லாவற்றையும் சொன்னேன். நிவாரணம் வருமென்று நினைத்தது, மாட்டை ஓட்டியது, ஓட்டைக் கழற்றியது எல்லாம்; எது யார் கை என்று மட்டும் பிரித்துச் சொல்லவில்லை. "அன்னிக்கு நீங்க படம் புடிச்சது எங்கூர இல்லீங்க. எங்கூரு போட்ட வேசத்த."

பண்ணாடி சிரித்தார். "இவனுக்கு வயசாயிப்போச்சுங் மேடம். வளவுல வூடெல்லாம் எப்பவுமே இப்படித்தானுங். நாம் பொறந்ததுல இருந்து ஓட்டைதான். ஓடு போடோணும்ன்னு இவுங்களுக்குத் தோணவே தோணாது."

பல காலமாக அவர் சொல்லை மறுத்துப் பேசினதில்லை. அன்றைக்கும் பேச நினைக்கவில்லை. அண்ணாந்து பார்த்த ரங்காத்தாவின் முகம் ஞாபகம் வந்தது.

"அப்படீன்னா, அந்தத் தட்டுப்போருக்குள்ள கையை வுட்டுப் பாருங்க மேடம்."

பண்ணாடியின் சிரிப்பு நின்றது. நான் முன்னால் நடந்தேன். போரின் ஓரத்தில் நாலு கத்தை உருவியதும் டிராக்டரின் ஒற்றை விளக்கு தெரிந்தது. அதற்குள் ஏதோ குருவி கூடு கட்டியிருந்தது. ஷெர்லின் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"காவல்கண் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். அப்ப இந்த ஊரோட முகமே பொய்யா? இதை நான் எழுதி அனுப்பியே ஆகணும். பதிவு பொய்ன்னு ஆனா ஊரைப் பட்டியல்லேருந்து எடுத்துருவாங்க."

"எடுத்தா?" என்றேன்.

"பாதுகாப்பு போயிரும். யாரும் எதையும் வாங்கலாம், எதையும் கட்டலாம்."

"பாவி, ஊரையே கெடுத்துட்டயேடா" என்றார் பண்ணாடி. அவர் சொன்னதிலும் நிஜம் இருந்தது. பிளாட்டுக்காரன் வந்தால் முதலில் போவது அவர் தோட்டமல்ல, எங்கள் வளவு. நாற்பது ஓட்டுக்காக வீட்டையே தோற்றுவிட்டேனோ என்றிருந்தது.

ஷெர்லின் பலகையில் எழுதி அனுப்பினார். வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். பழனாத்தா பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். அரை மணி கழித்துப் பலகை மணியடித்தது. ஷெர்லின் அதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்னுங் மேடம், எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் பண்ணாடி.

"இல்லை. கேளுங்க: 'அரசு அளவீட்டுக்கு முந்தைய நாள், ஊர் முழுவதும் ஒருமனதாகத் தன் வளத்தை மறைத்தல், இவ்வட்டாரத்துக்கே உரிய வழக்கமாகும். பிற பகுதிகளில் இத்துணை நேர்த்தியுடன் காணப்படவில்லை. ஊரின் தனித்தன்மை மதிப்பெண் அறுபத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நான்காக உயர்த்தப்படுகிறது.'"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பழனாத்தாதான் கேட்டாள்: "பொத்தல அடைக்கலாமா கூடாதா, அதச் சொல்லுங்க தாயி."

"அடைச்சே ஆகணும்மா. இனிமே பாதுகாக்கப்போறது பொத்தலை இல்ல, மறைக்கிற வழக்கத்தை. வருசா வருசம் அதே நாள்ல ஓட்டைக் கழட்டிக் காட்டணும். கூரையில ஓடு இருந்தாத்தானே கழட்ட முடியும்?"

பழனாத்தா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று தெரியவில்லை, கரடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஷெர்லின் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தார். "ஓடு கழட்டுற வழக்கத்துக்கு ஒரு வழக்கக் காவலர் வேணும். அன்னைக்கு அதைச் செஞ்சவர் யாரோ அவர்தான். செப்புப் பட்டயம் கொடுப்பாங்க. மாவட்ட விழாவில மேடையில உட்காரலாம்."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பண்ணாடி ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"எம்பேரப் போடுங்."

"ஓடு கழட்டினது நீங்களா?"

"பின்ன? இந்த ஊருல கெணறு வெட்டுனது, மாட்டுக் கட்டுத்தாரை கட்டுனது, வேலி வெச்சது எல்லாமே நாந்தானுங். இவன் வெறும் ஆளு."

அந்தக் கிணற்றில் சரிந்த கல் ஒன்று இன்னும் என் இடது முழங்காலில் வலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நான் அதை நினைக்கவில்லை. படிவத்தின் இரண்டாம் பக்கம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. பண்ணாடி முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, மேடைக்குச் சரிகை அங்கவஸ்திரம் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் விரல் வைத்துப் படித்தேன். அதே ஆள், ஆள் வைக்காமல் தன் கையாலேயே, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். கழற்றியவரே அன்று மாலை திரும்ப வேய்ந்து கொடுக்க வேண்டும். அவருக்குப் பின் அவர் வாரிசு. வாரிசுக்குப் பின் அவர் வாரிசு.

ஜெயரதியின் வயிற்றில் இருப்பதை நினைத்துக்கொண்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்கதான் சாட்சி" என்று ஷெர்லின் என்னைப் பார்த்தார். "இவர் சொல்றது சரியா?"

பண்ணாடி முறைத்தார். "சொல்லுடா."

"ஆமாங்க மேடம். பண்ணாடிதான் ஏறுனாரு. நான் கீழ நின்னு ஓட்ட வாங்கி அடுக்குனேன்."

பண்ணாடிக்குத் திருப்தி. நன்றியுள்ளவன் என்பதுபோல் தலையசைத்தார்.

"எத்தனை மணி இருக்கும்?"

"பதினொண்ணு இருக்குமுங்க. நல்ல வெயிலு."

"வேற என்ன நடந்தது? சின்ன விவரம்கூட விடாம சொல்லுங்க. வெத்தலை போட்டது, பாட்டுப் பாடினது, எல்லாமே வழக்கத்துல சேரும். ஒரு தடவை பதிஞ்சா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

யாராலும் மாற்ற முடியாது. அந்த வார்த்தையை நான் இரண்டு தரம் மனதில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்குப் பண்ணாடி வீட்டில் இன்றைக்கும் தென்னஞ்சிரட்டையில்தான் தண்ணீர். அவர் எங்கள் வீட்டில் குடிப்பது என்ற பேச்சே எழுந்ததில்லை.

"பாதி ஓடு கழட்டுனப்ப அவருக்குத் தாகமெடுத்துச்சுங்க" என்றேன். "தண்ணி கேட்டாரு. எம்பொண்டாட்டி எங்கூட்டுச் சொம்புல கொண்டாந்து குடுத்தா. வாங்கிக் குடிச்சாரு."

பண்ணாடியின் வாய் திறந்தது. மறுத்தால் எது பொய், எது நிஜம் என்று எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை. வாய் மூடிக்கொண்டது.

ஷெர்லின் எழுதிக்கொண்டே கேட்டார்: "வாய் வெச்சுக் குடிச்சாரா, அண்ணாந்தா?"

கொஞ்சம் யோசித்தேன். பொய்க்கும் ஒரு அளவு வேண்டும்.

"அண்ணாந்துதானுங்க."

ஐப்பசியில் ரங்காத்தா மறுபடி வந்து, அண்ணாந்து பார்த்து, ஓட்டை எண்ணிவிட்டுத்தான் மருமகளை விட்டுப் போனாள். காங்கயத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அடைமழை. நாங்கள் நாலு பேரும் விடிய விடிய நனையாமல் உட்கார்ந்து, மழை எங்கேயாவது ஒழுகுகிறதா என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்கதோஷம்.

படம் பிடித்ததற்கு முந்தின நாளான பங்குனி இருபதாம் தேதி பண்ணாடி வந்தார். ஒன்பது காலடி தூரம்தான், ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு. அதைக் கடக்க அவருக்குக் கால் மணி ஆயிற்று. அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து பக்கத்தில் நின்றான், அடுத்த வாரிசு பார்த்துப் பழக வேண்டுமல்லவா. வளவே திரண்டு உட்கார்ந்திருந்தது. ஏணியைச் சாய்த்து அவர் கூரை ஏறினார். நான் கீழே நின்று ஓட்டை வாங்கி அடுக்கினேன். சாட்சி சொன்ன பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

"ஏண்டா, எந்தக் கட்டைடா உளுத்தது?"

"மூணாவதுங்க பண்ணாடி. பாத்துக் கால் வைங்க."

இருபது ஓடு இறங்கியதும் அவர் கை நின்றது. கரட்டு மேலே காவல்கண் சுற்றுவதை நிறுத்தி இந்தப் பக்கம் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். பண்ணாடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"கொஞ்சம் தண்ணி குடு, பழனாத்தா."

'குடுடீ' என்று சொல்லவில்லை. அது வழக்கத்தில் பதியவில்லை.

பழனாத்தா சொம்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ஏணியில் இரண்டு படி ஏறி நீட்டினாள். அவர் வாங்கினார். அண்ணாந்தார். தொண்டை ஏறி இறங்கியது. வெயிலில் வந்த களைப்போ என்னவோ, முழுச் சொம்பும் குடித்துவிட்டார்.

அவர் தாடையிலிருந்து வழிந்த தண்ணீர் பாதித் திறந்த பொத்தல் வழியாக உள்ளே சொட்டியது. நேர் கீழே பாயில் படுத்திருந்த பேத்தியின் நெற்றியில் விழுந்தது. ஜெயரதி பதறித் துடைக்க ஓடினாள். பேத்தி அழவில்லை. மேலே தெரிந்த ஆகாசத்தையும், அதில் சொம்பும் கையுமாய் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். ஐந்து மாதக் குழந்தை. அவளுக்கு இது ஊர் வழக்கம், அவ்வளவுதான்.